புயலால் முடியாததைச் செய்த துரு! பாம்பன் பாலம் முதல் வீட்டு சிலாப் வரை... இரும்பு ஏன் அரிக்கிறது? தடுப்பது எப்படி? | முழு விளக்கம்

1964 டிசம்பர். தனுஷ்கோடியை அழித்த புயல் பாம்பன் ரயில் பாலத்தையும் விட்டுவைக்கவில்லை. பாலத்தின் பெரும்பாலான கர்டர்கள் கடலில் விழுந்தன. ஆனாலும் பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையிலான குழு 46 நாட்களில் பாலத்தைச் சரிசெய்தது. ரயில் மறுபடியும் ஓடியது.

2022 டிசம்பர். புயல் இல்லை, விபத்து இல்லை. ஆனால் அதே பாலத்தில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. இந்த முறை மறுபடி தொடங்கவே இல்லை. கப்பலுக்கு வழிவிடத் திறக்கும் நடுப்பகுதி, துருவால் பலவீனமாகிவிட்டதுதான் காரணம்.

1914-ல் திறக்கப்பட்டு, நூறு ஆண்டுகளுக்கு மேல் நின்ற பாலம் அது. புயல் ஒரே இரவில் செய்ததைச் சரிசெய்ய முடிந்தது. துரு நூறு ஆண்டுகளாகச் செய்ததைச் சரிசெய்ய முடியவில்லை.

இது பாம்பனோடு முடிகிற கதையில்லை. உங்கள் வீட்டு மொட்டை மாடி கைப்பிடி, சன்ஷேடு, பால்கனி, கீசர், ஏசி என எல்லாவற்றிலும் இதே வேலை சத்தமில்லாமல் நடக்கிறது. துரு என்றால் என்ன? ஏன் பிடிக்கிறது? எப்படித் தடுப்பது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

துரு பிடிப்பது ஏன்?

சிம்பிளாகச் சொன்னால், இரும்பு தன் பழைய நிலைக்குத் திரும்ப முயல்கிறது. அவ்வளவுதான்.

பூமிக்குள் இரும்பு தனியாக இருப்பதில்லை. ஆக்சிஜனோடு கலந்த தாதுவாக, செம்மண் நிறத்தில்தான் கிடைக்கிறது. அதை உலையில் போட்டு, ஏராளமான வெப்பத்தைச் செலவழித்து, ஆக்சிஜனைப் பிரித்தெடுத்தால்தான் இரும்பு. இப்படிக் கட்டாயப்படுத்திப் பிரித்த இரும்புக்கு தண்ணீரும் காற்றும் கிடைத்தால் போதும், மறுபடி ஆக்சிஜனோடு சேர்ந்துவிடும். அந்தச் சிவப்புப் பொடிதான் துரு.

இதில் ஒரு முக்கியமான விஷயம்: தண்ணீர், ஆக்சிஜன் இரண்டும் வேண்டும். பள்ளியில் படித்த ஆணி பரிசோதனை ஞாபகம் இருக்கிறதா? காய்ந்த காற்றில் வைத்த ஆணி துருப்பிடிக்காது. நன்றாகக் கொதிக்கவைத்து, மேலே எண்ணெய் ஊற்றி மூடிய தண்ணீரில் போட்ட ஆணியும் துருப்பிடிக்காது. சாதாரணத் தண்ணீரில் கிடந்த ஆணி மட்டும் சிவந்துவிடும். துரு தடுப்பு என்ற பெயரில் உலகம் முழுக்க நடக்கும் வேலைகளில் பாதி, இந்த இரண்டில் ஒன்றையாவது இரும்பிடம் போகவிடாமல் செய்வதுதான்.

இரும்புக்குள் ஒரு பேட்டரி

ஈரமான இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன பேட்டரிகள் ஓடுகின்றன. ஒரு இடத்தில் இரும்பு கரைந்து எலக்ட்ரான்களை விடுகிறது. பக்கத்து இடத்தில் தண்ணீரும் ஆக்சிஜனும் அந்த எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்கின்றன. கரைகிற பக்கம்தான் அரிபடும்.

பேட்டரி என்றால் கரண்ட் ஓட வழி வேண்டும். அந்த வழி தண்ணீர். அதில் உப்பு கலந்துவிட்டால் கரண்ட் இன்னும் சுலபமாக ஓடும். அதனால்தான் மதுரையில் பல வருஷம் தாங்கும் கேட், ராமேஸ்வரத்தில் சீக்கிரமே செதில் செதிலாக உரிகிறது.

இன்னொரு தகவல். கடலில் நிற்கும் தூண் எங்கே அதிகம் அரிக்கும் என்று கேட்டால், தண்ணீருக்குள் என்றுதான் பலரும் சொல்வார்கள். உண்மை அது இல்லை. அலை தெறித்து, காய்ந்து, மறுபடி தெறிக்கும் பகுதியில்தான் அரிப்பு அதிகம். அங்கேதான் உப்பு, ஈரம், காற்று மூன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன. ஆழத்தில் ஆக்சிஜன் குறைவு.

அலுமினியமும் எவர்சில்வரும் மட்டும் தப்பிப்பது எப்படி?

அலுமினியமும் ஆக்சிஜனோடு சேரும். சொல்லப்போனால் இரும்பைவிட வேகமாகச் சேரும். ஆனால் அப்படி உருவாகும் படலம் மெல்லியதாக, கெட்டியாக, மேலே ஒட்டிக்கொண்டு உள்ளே இருப்பதைக் காப்பாற்றிவிடும். இரும்பின் துரு அப்படி இல்லை. உப்பி, உதிர்ந்து, உள்ளே இருக்கும் புது இரும்பைத் திறந்து காட்டிவிடும்.

நாம் எவர்சில்வர் என்று சொல்லும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கும். அந்தக் குரோமியம்தான் மேலே கவசப் படலத்தை உருவாக்குகிறது. கீறல் விழுந்தாலும் காற்று பட்டதும் படலம் தானே மூடிக்கொள்ளும்.

ஆனால் எல்லா எவர்சில்வரும் ஒன்றில்லை. கடலோர வீட்டுக்கு மாடிப்படிக் கைப்பிடி போடும்போது 202, 304, 316 என்று கிரேடு சொல்வார்கள். விலை குறைந்த 202 கடல் காற்றில் சீக்கிரம் பழுப்புக் கறை பிடிக்கும். 304 அதைவிடப் பரவாயில்லை. மாலிப்டினம் கலந்த 316 தான் உப்புக் காற்றுக்குப் பொருத்தமானது. கடைக்காரர் 'எல்லாமே எஸ்.எஸ். தான்' என்றால், கிரேடு என்ன என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள்.

டெல்லி இரும்புத் தூண் ரகசியம் என்ன?

சுமார் 1,600 ஆண்டுகள் பழைமையான டெல்லி இரும்புத் தூண் ஏன் துருப்பிடித்து அழியவில்லை? இதில் மாயம் எதுவும் இல்லை. அந்தக் கால இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அது ஈரத்தோடு சேர்ந்து தூணின் மேல் ஒரு பாதுகாப்புப் படலத்தை உருவாக்கியது. ஐஐடி கான்பூர் பேராசிரியர் பாலசுப்ரமணியம் இதை விரிவாக ஆராய்ந்து விளக்கியிருக்கிறார். டெல்லியின் வறண்ட காற்றும் துணை நின்றது.

அப்படியென்றால் இன்றைய கம்பியிலும் பாஸ்பரஸ் சேர்க்கலாமே? பாஸ்பரஸ் அதிகமானால் எஃகு எளிதில் உடையும் தன்மைக்குப் போய்விடும். பூகம்பத்தில் வளைந்து கொடுக்க வேண்டிய கட்டுமானக் கம்பிக்கு அது ஆபத்து. அதனால்தான் இன்றைய எஃகில் அதைக் குறைத்துவிடுகிறார்கள்.

இரண்டு உலோகம் சேர்ந்தால் வம்பு

வெவ்வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டு, நடுவே ஈரமும் இருந்தால், அவற்றில் ஒன்று பலியாகும். செம்பும் இரும்பும் சேர்ந்தால் இரும்புதான் அரிபடும்.

இதற்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம் நியூயார்க் சுதந்திர தேவி சிலை. 1886-ல் திறக்கப்பட்ட அந்தச் சிலைக்கு வெளியே செம்புத் தகடு, உள்ளே இரும்புச் சட்டம். இரண்டும் தொடக்கூடாது என்பது அன்றைய பொறியாளர்களுக்கே தெரியும். நடுவே கல்நார் வைத்துத் தடுத்திருந்தார்கள். காலப்போக்கில் அந்தத் தடுப்பு வீணாகி, ஈரம் புகுந்து, இரும்பு துருப்பிடித்து உப்பியது. செம்புத் தகட்டைப் பிடித்திருந்த ரிவெட்கள் பிடுங்கிக்கொண்டன. 1986-ல் முடிந்த சீரமைப்பில் அந்த இரும்புப் பட்டைகளை எடுத்துவிட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பட்டைகளைப் பொருத்தினார்கள்.

வீட்டிலும் இதே கதைதான். ஜி.ஐ. பைப்பில் நேரடியாகப் பித்தளை வால்வு மாட்டிய இடத்தைப் பாருங்கள், துரு அங்கேதான் முதலில் தெரியும். கடலோர ஊர்களில் ஏசியின் வெளி யூனிட் சீக்கிரம் கெட்டுப்போவதற்கும் இது ஒரு காரணம். உள்ளே செம்புக் குழாய், அதைச் சுற்றி அலுமினியத் தகடு, மேலே உப்புக் காற்று. அலுமினியம் பொடிப்பொடியாக உதிரும்.

பலியாகும் உலோகம் நமக்காக வேலை செய்தால்?

இந்த வம்பையே நமக்குச் சாதகமாக மாற்றிக்கொள்ளலாம். இரும்போடு துத்தநாகத்தைச் சேர்த்தால், அரிபடுவது துத்தநாகம். இரும்பு தப்பிக்கும். ஜி.ஐ. ஷீட், ஜி.ஐ. பைப் எல்லாம் இப்படித்தான். மேலே உள்ள துத்தநாகப் பூச்சில் கீறல் விழுந்தாலும், பக்கத்தில் இருக்கும் துத்தநாகம் தன்னைக் கரைத்துக்கொண்டு இரும்பைக் காப்பாற்றும். பெயின்ட்டில் இந்த வசதி கிடையாது. பெயின்ட்டில் கீறல் விழுந்தால் அங்கிருந்து துரு ஆரம்பம்.

200 ஆண்டு பழைய யோசனை இது. 1824-ல் பிரிட்டிஷ் விஞ்ஞானி ஹம்ப்ரி டேவி, போர்க்கப்பல்களின் அடியில் இருந்த செம்புத் தகட்டைக் காப்பாற்ற இரும்பு, துத்தநாகத் துண்டுகளைப் பொருத்திப் பார்த்தார். செம்பு அரிப்பது நின்றது. ஆனால் புதுச் சிக்கல் வந்தது. செம்பு கரைந்தபோது அந்த நஞ்சுக்குப் பயந்து ஒட்டாமல் இருந்த சிப்பியும் பாசியும், இப்போது தாராளமாக ஒட்டிக்கொண்டன. கப்பலின் வேகம் குறைந்தது. இன்றைய எஃகுக் கப்பல்களில், படகுகளில் துத்தநாக அல்லது அலுமினியக் கட்டிகளை மாட்டி, கரைந்ததும் மாற்றிவிடுகிறார்கள்.

உங்கள் கீசருக்குள்ளும் இப்படி ஒரு தியாகி இருக்கிறார் தெரியுமா? டேங்க் உள்ள பெரும்பாலான கீசர்களில் மெக்னீசியம் கம்பி ஒன்று இருக்கும். டேங்க் ஓட்டையாகாமல் இருக்க அது தன்னைக் கரைத்துக்கொள்ளும். முழுவதும் கரைந்துவிட்டால் அடுத்தது டேங்க்தான். சர்வீஸ் செய்ய வருபவரிடம் ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அதைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். உப்புத் தண்ணீர் உள்ள ஊர் என்றால் இன்னும் சீக்கிரமே பார்ப்பது நல்லது. கம்பியின் விலை, புது டேங்கின் விலையோடு ஒப்பிட்டால் சொற்பம்.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி ஏன் துருப்பிடிக்கிறது?

உயிர் போகும் ஆபத்து இருப்பது இங்கேதான். கவனமாகப் படியுங்கள்.

நல்ல கான்கிரீட் கடும் காரத்தன்மை கொண்டது. அதன் பிஹெச் அளவு 12.5-க்கு மேல் இருக்கும். அந்தக் காரம் கம்பியின் மேல் ஒரு பாதுகாப்புப் படலத்தை வைத்திருக்கும். அதுவரை கம்பி பத்திரம். இந்தப் படலத்தை இரண்டு எதிரிகள் உடைக்கிறார்கள்.

ஒன்று, காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடு. கான்கிரீட்டுக்குள் மெல்ல மெல்லப் புகுந்து காரத்தைக் குறைக்கும். இரண்டு, உப்பு. கடல் காற்று வழியாக வரலாம், அல்லது கட்டும்போதே உப்பு மணல், உப்புத் தண்ணீர் வழியாக நாமே உள்ளே போட்டுவிடலாம்.

படலம் உடைந்ததும் கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். உள்ளே இடம் இல்லை. அதனால் கான்கிரீட்டை வெளியே தள்ளும். முதலில் கம்பி போகும் வழியிலேயே நேர்க்கோடாக ஒரு விரிசல். பிறகு பழுப்புக் கறை. பிறகு தட்டினால் 'டொக் டொக்' என்று பொள்ளல் சத்தம். கடைசியில் காரை பெயர்ந்து விழும். கீழே யார் இருக்கிறார்கள் என்று அது பார்க்காது.

கவர் பிளாக்: சில ரூபாய் விஷயம், பல வருஷ ஆயுள்

கம்பிக்கும் கான்கிரீட்டின் வெளிப்பக்கத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளிதான் 'கவர்'. கம்பி சென்டரிங் பலகையில் உட்காராமல் இருக்க, கீழே கவர் பிளாக் வைப்பார்கள். இந்திய தர நிர்ணயமான ஐ.எஸ். 456 சொல்லும் குறைந்தபட்ச அளவுகள் இவை:

- கடலில் இருந்து தள்ளி, மழை வெயிலில் இருந்து பாதுகாப்பான பகுதி: 20 மி.மீ.
- கடலோர ஊரில், உப்புக் காற்று நேரடியாகப் படாத பகுதி: 30 மி.மீ.
- கடல் காற்று நேரடியாகப் படும் பகுதி: 45 மி.மீ.
- கடல் நீர் தெறிக்கும் பகுதி: 50 மி.மீ.
- அலை ஏறி இறங்கும் பகுதி: 75 மி.மீ.

மேலே பூசும் சிமென்ட் பூச்சு இந்தக் கணக்கில் சேராது. இதை நினைவில் வையுங்கள். கவரின் தடிமன் பாதியானால் பாதுகாப்புக் காலமும் பாதியாகும் என்று நினைப்போம். உண்மையில் அது ஏறக்குறைய கால்பங்காகிவிடும். 40 மி.மீ.-ல் 40 வருஷம் தாங்குவது, 20 மி.மீ.-ல் சுமார் 10 வருஷம்தான் தாங்கும் என்பது போல. கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லித் துண்டை வைத்து ஒப்பேற்றும் வேலை எவ்வளவு ஆபத்து என்று இப்போது புரிகிறதா?

வீடு கட்டும்போது மேஸ்திரியிடம் கேட்க வேண்டியவை

1. கான்கிரீட் கலக்க எந்தத் தண்ணீர்? கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லி கிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. கடலோர போர் தண்ணீர் பல இடங்களில் இந்த அளவைத் தாண்டும். லேப்பில் சோதனை செய்துவிட்டுப் பயன்படுத்துங்கள். க்யூரிங் செய்யும் தண்ணீருக்கும் இதே கவனம் வேண்டும்.

2. கலவையில் தண்ணீர் அதிகமா? குழைவாக வரட்டும் என்று கூடுதல் தண்ணீர் ஊற்றினால், அது காய்ந்த பிறகு கான்கிரீட்டில் நுண்துளைகள் மிஞ்சும். உப்பும் ஈரமும் அந்த வழியாகத்தான் உள்ளே போகும்.

3. கம்பியில் லேசான துரு இருக்கிறதா? பயப்பட வேண்டாம். ஆனால் கையால் தேய்த்தால் செதிலாக உதிரும் துரு, எண்ணெய், சேறு இருந்தால் கம்பி பிரஷ் போட்டுச் சுத்தம் செய்யாமல் கான்கிரீட் போடவிடாதீர்கள்.

4. ஜன்னல் கிரில்லுக்கு நேரடியாகப் பெயின்ட்டா? துருவைத் தேய்த்து எடுத்து, ரெட் ஆக்சைடு அல்லது ஜிங்க் பிரைமர் அடித்து, அதன் பிறகுதான் பெயின்ட். துருவின் மேல் அடித்த பெயின்ட் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.

ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தால்?

மேலே சிமென்ட் பூசி, வெள்ளையடித்து மறைத்துவிடுவதுதான் பலரும் செய்யும் வேலை. அது நோய்க்கு மருந்து இல்லை, மேக்கப். உள்ளே துரு ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

முறையான வேலை இப்படி இருக்கும்: முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும். பொள்ளலான கான்கிரீட்டைக் கம்பியின் பின்பக்கம் வரை கொத்தி எடுக்க வேண்டும். கம்பியின் துருவை முழுவதும் நீக்க வேண்டும். கம்பி இளைத்துப் போயிருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்க்க வேண்டும். பிறகு துரு தடுப்புப் பூச்சு, அதன் மேல் பாலிமர் கலந்த கலவை அல்லது மைக்ரோ கான்கிரீட்.

உப்பால் வந்த துருவில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு இடத்தைச் சரிசெய்தால், சில காலத்தில் அதன் பக்கத்து இடம் துருப்பிடிக்கும். அந்தப் பழைய பேட்டரி, இடம் மாறி ஓடுகிறது. இதற்காகவே ரிப்பேர் செய்யும் இடத்தில் கம்பியோடு சின்ன துத்தநாகக் கட்டியைக் கட்டிவிடும் முறையும் இருக்கிறது. தூண், பீம் போன்றவற்றில் விரிசல் என்றால் நீங்களாக முடிவெடுக்க வேண்டாம். கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

தமிழ்நாட்டில் இதற்கென ஒரு ஆய்வு மையம்

காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், அதாவது சிக்ரி, துரு ஆராய்ச்சியில் நாட்டின் முக்கியமான இடம். வள்ளல் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்திலும் நன்கொடையிலும் உருவானது. 1948-ல் அடிக்கல், 1953-ல் திறப்பு. பாம்பனுக்குப் பக்கத்தில் மண்டபத்திலும் இதற்கு ஆய்வு மையம் உண்டு. எந்த உலோகம், எந்தப் பூச்சு கடல் காற்றை எத்தனை வருஷம் தாங்கும் என்று சோதிக்க அதைவிடக் கடுமையான இடம் நம் ஊரில் கிடைப்பது கஷ்டம். கட்டுமானக் கம்பிகளுக்கான சிமென்ட்-பாலிமர் பூச்சும் சிக்ரியின் கண்டுபிடிப்புதான்.

புதிய பாம்பன் பாலம் என்ன செய்திருக்கிறது?

2025 ஏப்ரல் 6-ல் திறக்கப்பட்ட புதிய பாலம் 2.08 கிலோ மீட்டர் நீளம். 72.5 மீட்டர் நீள நடுப்பகுதி லிஃப்ட் போல அப்படியே செங்குத்தாக மேலே போகும். துருவைச் சமாளிக்க கான்கிரீட்டுக்குள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிகள், வெளியே பாலிசிலாக்சேன் என்ற சிறப்புப் பூச்சு ஆகியவற்றைப் பயன்படுத்தியதாக மத்திய அரசு தெரிவித்திருக்கிறது. போல்ட், ரிவெட் இடுக்குகளில் உப்புத் தண்ணீர் தங்கித் துரு தொடங்கும் என்பதால் இணைப்புகளையும் வெல்டிங் செய்திருக்கிறார்கள்.

ஆனால் எந்தப் பூச்சும் நிரந்தரம் இல்லை. கீறல் விழும், வெயிலில் வெளிறும். பழைய பாலம் நூறு ஆண்டு நின்றதற்குக் காரணம் அதன் இரும்பு மட்டும் இல்லை. தொடர்ந்து சுரண்டி, பெயின்ட் அடித்து, கெட்ட பாகங்களை மாற்றிய ஊழியர்களின் வேலையும்தான். புதிய பாலத்துக்கும் அதே கவனம் தேவை.

செலவு எவ்வளவு?

2016-ல் வெளியான சர்வதேச ஆய்வு ஒன்றின்படி, துருவாலும் அரிப்பாலும் உலகத்துக்கு ஏற்படும் செலவு ஆண்டுக்கு சுமார் 2.5 லட்சம் கோடி டாலர். உலக மொத்த உற்பத்தி மதிப்பில் இது 3.4 சதவீதம். ஏற்கெனவே தெரிந்த தடுப்பு முறைகளை ஒழுங்காகப் பின்பற்றினாலே இதில் 15 முதல் 35 சதவீதம் வரை மிச்சப்படுத்தலாம் என்கிறது அதே ஆய்வு. புதுக் கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை.

நம் பாட்டிகள் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசாமல் புளிக்குழம்பு வைக்க மாட்டார்கள். பூச்சு தேய்ந்ததும் ஈயம் பூசுபவர் தெருவுக்கு வரும் நாளுக்காகக் காத்திருப்பார்கள். புளிப்பு பட்டால் களிம்பு வரும், களிம்பு உடம்புக்கு ஆகாது என்று அவர்களுக்குத் தெரியும். பாலத்துக்கும் பால்கனிக்கும் வேண்டியது அதே பழக்கம்தான்: பூச்சு தேய்வதற்குள் பார்த்துவிடுவது.

இந்த மழைக்காலத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். சன்ஷேடின் அடிப்பக்கம், பால்கனி, தண்ணீர் தொட்டிக்குக் கீழே உள்ள சிலாப், பாத்ரூம் கூரை ஆகியவற்றைப் பாருங்கள். நேர்க்கோட்டு விரிசல் அல்லது பழுப்புக் கறை தெரிந்தால், அதன் கீழே குழந்தைகளை விளையாட விடாதீர்கள். வாடகை வீடு என்றால் போட்டோ எடுத்து வீட்டு உரிமையாளருக்கு உடனே அனுப்புங்கள். விரிசலாக இருக்கும்போது கவனித்தால் ரிப்பேர் வேலையோடு முடியும்.